“வால்” என்றா சொல்கிறீர்கள்?

பட்டாளத்தில் “லங்கர் கப்” என்று ஒரு சொல் உண்டு. லங்கர் என்றால் சமையல் கூடம். கப் என்றால் வம்பளப்பு. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சப்பாத்திக்கும் பருப்புக்கும் வரிசையில் நிற்கும் ஜவான்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சேதிக்குத்தான் அந்தப் பெயர். எந்தக் கணவாயில் பனி விழுந்து லாரிகள் நின்றுவிட்டன, யாருக்கு லீவு கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது, எந்தக் காவல் முனைக்கு முட்டை போய்ச் சேர்ந்தது, எதற்குப் போகவில்லை என்பவைதான் அந்தச் சேதிகள். சர்க்கார் வெளியிடும் “சைனிக் சமாச்சார்” பத்திரிகை 1909-ல் “ஃபௌஜி அக்பார்” என்ற பெயரில் தொடங்கியது; தமிழிலும் வெளிவந்திருக்கிறது. அதில் அணிவகுப்பு வரும், பதக்கம் வரும். பருப்பில் தண்ணீர் கூடிப்போன சேதி வராது. அந்தச் சேதிக்கு இருக்கும் ஒரே பத்திரிகை லங்கர் கப்தான்!

சமீபத்தில் வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் பத்திரிகைச் சந்தா சேர்க்கப் போயிருந்தோம். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகள் நிறைந்த கிராமம் அது. டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ராணுவ சப்ளைப் படையில் இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஹவில்தார். அவருடைய மகனும் இப்போது அதே படையில்தான் இருக்கிறான். நம் கையிலிருந்த பத்திரிகையை வாங்கிப் புரட்டிவிட்டு அவர் கேட்டார்:

“ஏன் தம்பி, எங்களை வாலுன்னு சொல்றாங்களாமே! லங்கர்ல பேசிக்கிறாங்கன்னு பையன் போன்ல சொன்னான். மெய்தானா?”

மெய்தான், பெரியவரே. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பல்லைத் தீட்டு, வாலை நறுக்கு!

2016 மே மாதத்தில் ராணுவ இலாகா, ஓய்வுபெற்ற லெப்டினண்ட் ஜெனரல் ஷேகட்கர் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தது. பட்டாளத்தின் போர்த் திறனைக் கூட்ட வேண்டும், செலவைச் சீரமைக்க வேண்டும் என்பது கமிட்டிக்கு இட்ட வேலை. அதே ஆண்டு டிசம்பரில் ரிப்போர்ட் வந்தது. 2017 ஆகஸ்டு கடைசியில், முதல் கட்டமாக 65 சிபாரிசுகளை அமுல் நடத்தப்போவதாக சர்க்கார் அறிவித்தது. அதிகாரிகள், சிப்பாய்கள், சிவிலியன் ஊழியர்கள் என்று ஏறத்தாழ 57,000 பேரின் இடங்களை மாற்றியமைப்பது என்றார்கள். ராணுவப் பால் பண்ணைகளை மூடுவது, அமைதிப் பிரதேசங்களில் ராணுவத் தபால் நிலையங்களை மூடுவது, பழுது பார்க்கும் பட்டறைகளைத் திருத்தியமைப்பது, சப்ளைப் பிரிவுகளையும் போக்குவரத்துப் பிரிவுகளையும் கோவேறு கழுதைப் பிரிவுகளையும் “மேலும் நன்றாகப் பயன்படுத்துவது” எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன.

இதற்கெல்லாம் அடியில் கிடக்கும் தத்துவம் ஒன்றுதான். அதற்குப் பெயர் “பல்–வால் விகிதம்”. துப்பாக்கி பிடிப்பவன் பல். அவனுக்குச் சோறும் எண்ணெயும் குண்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் வால். பல்லைத் தீட்டு, வாலை நறுக்கு!

கேட்பதற்கு வெகு சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து காகிதத்தில் கோடு போடுகிறவர்களுக்கு ஒரு பட்டாளம் மிருகத்தின் படம்போலத் தெரியலாம். ஆனால் வாய்க்குள் சோறு போனால்தானே பல்லுக்கு வேலை? அந்தச் சோற்றைக் கொண்டுவருவது யார்? முதலில் அதைப் பார்ப்போம்.

யார் இந்த “வால்”?

ராணுவ சப்ளைப் படை 1760 டிசம்பர் 8-ந் தேதியைத் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. அதன் பயிற்சி மையம் பெங்களூரில் இருக்கிறது. “சேவையே நம் தர்மம்” என்பது அதன் வாசகம். அரிசி, கோதுமை மாவு, பருப்பு, இறைச்சி, காய்கறி, பால், பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவற்றை வாங்கி, சேமித்து, பங்கிட்டு, லாரியிலும் கோவேறு கழுதையிலும் ஏற்றி, பாதை இல்லாத இடத்துக்கு ஆகாய விமானத்திலிருந்து இறக்கிக் கொடுப்பது அந்தப் படையின் வேலை. உடுப்பும் பூட்ஸும் ஆயுதமும் வருவது ஆர்டினன்ஸ் டிபோக்கள் வழியாக. இந்த இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் “வால்” என்ற பட்டம்.

லடாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போகும் பாதைகளில் ஒன்று ஸ்ரீநகரிலிருந்து ஜோஜிலா கணவாய் வழியாக. பதினோராயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல். மற்றொன்று மணாலியிலிருந்து, அதையும் விட உயரமான கணவாய்களைத் தாண்டி. 2020 அக்டோபரில் ரோதங்குக்கு அடியில் அடல் சுரங்கம் திறந்ததில் ஒரு கஷ்டம் குறைந்தது. அதற்கு அப்பால் உள்ள மலைகள் அப்படியேதான் நிற்கின்றன. குளிர்காலத்தில் அவற்றைப் பனி மூடிவிடும். ஆகவே பாதை திறந்திருக்கும் மாதங்களுக்குள், குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய அரிசி மூட்டையிலிருந்து தீப்பெட்டிவரை மேலே ஏற்றிவிட வேண்டும். இதைக் குளிர்கால முன்சேமிப்பு என்கிறார்கள். ஏற்றாமல் விட்டது ஏற்றாததுதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

லாரி டிரைவரின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்குகிறது. உறைந்துபோன எஞ்சினைச் சூடாக்க வேண்டும். சக்கரத்துக்குச் சங்கிலி பூட்ட வேண்டும். வண்டிகள் வரிசையாகக் கிளம்பும். ஒரு பக்கம் எப்போது சரியும் என்று தெரியாத மலை. மறு பக்கம் அடி தெரியாத பள்ளம். மூச்சு விடக் காற்றுப் போதாது. இரவு வழித்தங்கல் முகாமில் ஒரு கம்பளிக்குள் சுருண்டு, மறுநாள் மறுபடியும் ஓட்டம். பாதை முடியும் இடத்தில் லாரி நிற்கும். அங்கிருந்து கோவேறு கழுதை. அது ஏற முடியாத இடத்தில் சுமைகூலியின் முதுகு. அவனும் போக முடியாத பனிப்பாறைக்கு ஹெலிகாப்டர். இத்தனை கை மாறித்தான் சியாச்சினில் நிற்கும் ஜவானுக்கு ஒரு டின் பழமும், கூடாரத்துக்குள் எரியும் அடுப்புக்கு மண்ணெண்ணெயும் போய்ச் சேருகின்றன. 1984 ஏப்ரலிலிருந்து ஒரு நாள் ஓயாமல் அங்கே நடந்து வரும் வேலை இது.

இவர்களா வால்? 1999-ல் கார்கிலில் ஊடுருவியவர்களின் குறி எதன் மேல் இருந்தது? ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலையின் மேல்! தோலோலிங்கிலும் டைகர் ஹில்லிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு, கீழே போகும் பாதையைத்தான் பீரங்கியால் அடித்தார்கள். அந்தப் பாதையில் இரவு நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு, குண்டு விழும் சத்தத்துக்கு நடுவே வண்டி ஓட்டியவர்கள் சப்ளை லாரி டிரைவர்கள். பட்டாளத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரிந்திருந்தது. டில்லியில் விகிதக் கணக்குப் போடும் கனவான்களுக்குத்தான் தெரியவில்லை!

சிக்கனத்தின் விலை

“வீண் செலவைக் குறைத்தால் நல்லதுதானே? அந்தப் பணத்தில் நல்ல ஆயுதம் வாங்கலாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சிக்கனத்தை நாம் எதிர்க்கவில்லை. யார் தட்டிலிருந்து எடுத்துச் சிக்கனம் செய்கிறார்கள் என்பதே நமது கேள்வி.

சர்க்காரின் சொந்தக் கணக்குப்பிள்ளையையே சாட்சிக்குக் கூப்பிடுவோம். கணக்குத் தணிக்கைத் தலைவரின் ரிப்போர்ட் ஒன்று 2020 பிப்ரவரியில் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. 2015-16 முதல் 2017-18 வரை உயர்ந்த மலைப் பிரதேசங்களில் இருந்த துருப்புகளுக்கு உடுப்பும் உணவும் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று அதில் ஆராய்ந்திருந்தார்கள். பனிக் கண்ணாடி 62 சதவீதத்திலிருந்து 98 சதவீதம்வரை பற்றாக்குறை! 2015 நவம்பரிலிருந்து 2016 செப்டம்பர்வரை பனி பூட்ஸ் புதிதாக வாங்கவில்லை. ஒருவர் போட்டுக் கழற்றியதைச் சரிசெய்து மற்றவர் போட வேண்டி வந்தது. முகமூடியும் ஜாக்கெட்டும் தூங்கும் பையும் பழைய மாதிரியானவை.

உணவு விஷயம் அதைவிடக் கொடுமை. உயர்மலை ஜவானுக்கு என்று விசேஷ உணவுப் பட்டியல் உண்டு. அதில் உள்ள ஒரு பொருள் கிடைக்காவிட்டால் மாற்றுப் பொருள் கொடுக்கலாம். எப்படிக் கொடுத்தார்கள்? எடைக்கு எடை அல்ல, சத்துக்குச் சத்தும் அல்ல, காசுக்குக் காசு! நம் வீட்டில் கடலெண்ணெய் கிடைக்கவில்லை. அதே காசுக்கு நெய் வாங்கிக்கொள் என்றால் எத்தனை கரண்டி கிடைக்கும்? அந்தக் கதைதான். விலை கூடிய மாற்றுப் பொருள், ஆகவே அளவு குறைவு, ஆகவே சத்தும் குறைவு. கலோரி 82 சதவீதம்வரை குறைந்துபோயிற்று என்று ரிப்போர்ட் சொல்கிறது. மூச்சு விடுவதற்கே உடம்பு பாடுபடும் உயரத்தில், சாப்பாட்டில் கைவைத்திருக்கிறார்கள்!

இது பழைய காலத்துக் கணக்கு, இப்போது நிலைமை சரியாகிவிட்டது என்று ராணுவத் தலைமை பதில் சொன்னது. சரியாகியிருந்தால் மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பழைய காலம் எது என்று தேதியைப் பாருங்கள். “வாலை நறுக்கு” என்று கமிட்டி கூடி எழுதியதும், 65 சிபாரிசுகளை சர்க்கார் ஏற்றதும் அதே காலத்தில்தான்! மலை மேல் பூட்ஸ் இல்லை. கீழே, பூட்ஸ் கொண்டுபோகிறவன் அதிகம் என்று வாதம்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2020-ல் கிழக்கு லடாக்கில் மோதல் ஏற்பட்டது. பல்லாயிரக்கணக்கான கூடுதல் துருப்புகளைக் குளிர்காலம் முழுவதும் அங்கே வைத்துக் காப்பாற்ற வேண்டி வந்தது. இரவு பகலாக லாரி ஓடிற்று. குளிர் உடுப்பு போதாமல் அமெரிக்காவிடமிருந்து அவசரமாக வாங்கினார்கள். அன்றைக்கு அந்தப் பனியில் வேலை செய்தது எது? 2017-ல் இவர்கள் நறுக்க நினைத்த வால்தான்!

குட் நகரத்துப் பாடம்

சிக்கனத்தின் பெயரால் சப்ளையை வெட்டுவது புதிய புத்திசாலித்தனம் அல்ல. வெள்ளைக்கார சர்க்கார் இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டது. பலியானவர்கள் இந்தியச் சிப்பாய்கள்.

முதல் உலக யுத்தத்தில் மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) இந்தியப் பட்டாளத்தை அனுப்பினார்கள். பாக்தாதைப் பிடிக்க ஆசை. ஆனால் டைகிரிஸ் நதியில் சாமான் கொண்டுபோகப் போதிய படகு இல்லை; காயம்பட்டவர்களைத் திருப்பிக் கொண்டுவர ஏற்பாடு இல்லை. அதற்கெல்லாம் பணம் ஒதுக்க மனம் இல்லை. 1915 டிசம்பரில் ஜெனரல் டவுன்ஷெண்டின் படை குட் நகரத்தில் சூழப்பட்டது. 147 நாள் முற்றுகை. வண்டி இழுத்த குதிரையையும் கோவேறு கழுதையையும் கொன்று தின்னும் நிலை வந்தது. ஆகாய விமானத்திலிருந்து மூட்டைகளைப் போட்டுப் பார்த்தார்கள், போதவில்லை. 1916 ஏப்ரல் 24-ந் தேதி இரவு 270 டன் உணவோடு “ஜுல்நார்” என்ற நீராவிப் படகை அனுப்பினார்கள். அது போய்ச் சேரவில்லை. ஏப்ரல் 29-ந் தேதி ஏறத்தாழ 13,000 பேர் சரணடைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், கழுதை ஓட்டுபவர் என்று “பின்தொடர்வோர்” கணக்கில் எழுதப்பட்டவர்களே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பாலைவனத்தில் நடக்கவைக்கப்பட்டு, பசியிலும் நோயிலும் அவர்கள் மாண்டார்கள். ஜெனரல் டவுன்ஷெண்டோ கடலோரத் தீவில் ஒரு பங்களாவில் யுத்தம் முடியும்வரை சௌக்கியமாக இருந்தார்!

1917-ல் வந்த மெசபடோமியா விசாரணைக் கமிஷனின் ரிப்போர்ட், போக்குவரத்தும் வைத்திய வசதியும் இல்லாமல் படையை அனுப்பியதைக் கண்டித்தது. இந்திய சர்க்காரின் கஞ்சத்தனத்தையும் குறை கூறியது. லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த ஆஸ்டன் சேம்பர்லின் ராஜினாமா செய்தார். செத்தவன் திரும்பி வந்தானா?

வெள்ளைக்காரன் “பின்தொடர்வோர்” என்றான். இவர்கள் “வால்” என்கிறார்கள். வார்த்தை மாறியிருக்கிறது. பார்வை மாறவில்லை.

வெட்டியதை விழுங்குவது யார்?

நாம் இயந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. கோவேறு கழுதைக்குப் பதிலாக இயந்திரக் கழுதை வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் புனாவில் நடந்த ராணுவ தின அணிவகுப்பில் அது நடந்து வந்ததைப் பலர் பார்த்தார்கள். சாமான் சுமக்கும் டிரோன் வருகிறது. வரட்டும்! மனிதனின் முதுகுச் சுமையை இயந்திரம் வாங்கிக்கொள்வது முன்னேற்றம். ஆனால் “நவீனம்” என்ற கதவைத் திறந்துவிட்டு, அதன் வழியே காண்டிராக்டரை உள்ளே அழைத்து வருவதை முன்னேற்றம் என்று ஏற்க முடியாது.

ராணுவப் பால் பண்ணைகளைப் பாருங்கள். முதல் பண்ணை 1889-ல் அலகாபாத்தில் தொடங்கியது. ஒரு காலத்தில் 130 பண்ணைகள், 30,000 மாடுகள். கடைசியில் மிஞ்சிய 39 பண்ணைகளை மூட 2017-ல் முடிவு செய்து, 2021 மார்ச் 31-ந் தேதி ஒரேயடியாகக் கதவைச் சாத்தினார்கள். 132 ஆண்டு ஸ்தாபனம் முடிந்தது. பால்தான் எங்கும் கிடைக்கிறதே என்பது அவர்கள் வாதம். கிடைக்கிறது, விலைக்கு! பண்ணைகளில் பால் கறந்தும் புல் வெட்டியும் வயிறு வளர்த்த எளிய தொழிலாளிகளுக்கு எந்தக் கடையில் வேலை கிடைக்கும்?

நம் ஊருக்கு வருவோம். ஆவடியில் ராணுவ உடுப்புத் தொழிற்சாலை இருக்கிறது. ஜவானின் சட்டைக்கு நம் தொழிலாளி ஊசி பிடிக்கிறான், நம் சகோதரி பொத்தான் தைக்கிறாள். 2017-ல் உடுப்பு போன்ற பொருள்களை “முக்கியமற்றவை” என்று முத்திரை குத்தி, வெளியில் வாங்கலாம் என்று வழி திறந்தார்கள். பனியில் நிற்பவனுக்குச் சட்டை முக்கியமற்றதாம்! தொழிலாளர்கள் 2019 ஜனவரியில் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், ஒரு மாதம் என்று அறிவித்து மறுபடியும் நிறுத்தினார்கள். சர்க்கார் பேச்சுவார்த்தைக்கு வந்தது. ஆனாலும் 2021 அக்டோபர் 1-ந் தேதி 41 தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகக் கூறு போட்டார்கள். ஆவடி உடுப்புத் தொழிற்சாலை “ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்” என்ற கம்பெனியின் கீழ் வந்தது. எதிர்த்துக் கேட்பார்களே? அதற்கும் வழி செய்துகொண்டார்கள். 2021 ஜூன் 30-ந் தேதி ஓர் அவசரச் சட்டம்: வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு சிறை, தூண்டினால் இரண்டாண்டு சிறை! ஆகஸ்டில் அதைப் பார்லிமெண்டில் சட்டமாக்கினார்கள்.

கடைசியாக ஜவானுக்கே வந்தார்கள். 2022 ஜூன் 14-ந் தேதி “அக்னிபத்” அறிவிப்பு வந்தது. பயிற்சிக் காலம் உள்பட நான்கு ஆண்டு வேலை. முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய். அதிலும் 9,000 பிடித்தம். அறிவித்தபோது சொன்ன கணக்கில் நூற்றுக்கு 25 பேருக்குத்தான் மேற்கொண்டு வேலை. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய். பென்ஷன் கிடையாது, கிராஜுவிடி கிடையாது. ஜோஜிலாவின் வளைவுகளை ஒரு டிரைவர் எத்தனை பனிக்காலத்தில் கற்கிறான் என்று அந்த வேலூர்ப் பெரியவரைக் கேட்டோம். “நாலு சீசன் ஓட்டினாத்தான் ரோடு நம்மளைப் பார்த்துச் சிரிக்கும்” என்றார். ரோடு சிரிக்கும் நேரத்தில் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்!

இந்த ஏணியின் கடைசிப் படியில் நிற்பவன் சுமைகூலி. காஷ்மீர மலைகளில் பட்டாளத்தோடு கூடவே நடந்து, தோட்டாவும் உணவும் தண்ணீரும் சுமக்கிறான். பல ஆண்டு சுமந்தாலும் தற்காலிகக் கூலிதான். இவர்களுடைய வழக்கில் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, நெடுங்காலம் உழைத்தவர்களை நிரந்தரமாக்கவும், ஊதியம், மருத்துவம், நஷ்டஈடு ஆகியவற்றைச் சீராக்கவும் ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கோர்ட்டுக்குப் போய்த்தான் இந்த நியாயத்தைப் பெற வேண்டுமா? 1971 யுத்தத்தில் எதிரி கையில் சிக்கி, முதுகில் இயந்திரத் துப்பாக்கியோடு திரும்பி வந்த “பெடோங்கி” என்ற கோவேறு கழுதையைப் பட்டாளம் கடைசிவரை வைத்துக் காப்பாற்றிற்று. அதிகாரிகள் விடுதியில் ஒரு கூடத்துக்கு அதன் பெயரையும் வைத்தது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். அதே பாரத்தை அதே மலையில் சுமந்த மனிதனுக்கு என்ன செய்தீர்கள்?

வாய்ப்பூட்டு

இவ்வளவையும் ஜவான் ஏன் வெளியே சொல்வதில்லை? சொல்லக் கூடாது! 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 21-வது பிரிவும், 1954-ம் ஆண்டு விதிகளும் அவன் சங்கம் சேருவதற்கும் பத்திரிகைக்கு எழுதுவதற்கும் தடை போடுகின்றன. பட்டாளத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ரகசியத்தைக் காப்பது கட்டுப்பாடு. ஓட்டைப் பூட்ஸை மறைப்பதும் கட்டுப்பாடா?

2017 ஜனவரியில் எல்லைக் காவல் படை வீரர் ஒருவர், தமக்குக் கிடைக்கும் தண்ணீர்ப் பருப்பையும் கருகிய ரொட்டியையும் படம் பிடித்து உலகுக்குக் காட்டினார். ஏப்ரலில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் ராணுவத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் சேதி எல்லா லங்கர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அதே ஜனவரியில் ராணுவத் தளபதி, குறையிருந்தால் புகார்ப் பெட்டியில் போடுங்கள், சமூக ஊடகத்தில் போட்டால் தண்டனை வரலாம் என்று எச்சரித்தார். பெட்டிக்குள் போன காகிதம் என்ன ஆயிற்று என்று யார் போய்ப் பார்ப்பது?

சோற்றுப் பிரச்னையை அற்பம் என்று நினைத்தவர்களுக்குச் சரித்திரம் ஒரு தேதியைக் குறித்து வைத்திருக்கிறது. 1946 பிப்ரவரி 18. பம்பாயில் “தல்வார்” கடற்படைத் தளத்தில் மாலுமிகள் கெட்டுப்போன சாப்பாட்டைத் தொட மறுத்தார்கள். அது 78 கப்பல்களுக்கும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளுக்கும் பரவிற்று. பம்பாய்த் தொழிலாளர்கள் ஆலைகளை நிறுத்திவிட்டு அவர்களுக்காகத் தெருவில் இறங்கினார்கள்; இருநூறுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். மாலுமிக்காக மில் தொழிலாளி நின்றான். அந்தப் பாடத்தை நாம் மறக்கலாமா? ஜவான் பேச முடியாது என்றால், பேச முடிந்தவர்கள் அவனுக்காகப் பேச வேண்டும். அவன் யாரோ அல்லன். விவசாயியின் மகன், விவசாயக் கூலியின் மகன், ஆவடித் தொழிலாளியின் தம்பி.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: மலைப் பிரதேச ஜவானுக்கு மாற்று உணவு கொடுப்பதாயிருந்தால் காசுக் கணக்கில் அல்ல, சத்துக் கணக்கில் கொடு. உணவும் உடுப்பும் போய்ச் சேர்ந்த விவரத்தை ஆண்டுதோறும் பார்லிமெண்டில் வை.

இரண்டு: நான்காண்டுக் கூலிமுறையைக் கைவிடு. டிரைவரானாலும் சமையல்காரரானாலும் நிரந்தர வேலையும் பென்ஷனும் கொடு.

மூன்று: ராணுவத் தொழிற்சாலைகளைத் தனியாருக்குத் திறந்துவிடும் வேலையை நிறுத்து. ஜவானின் உடுப்பு “முக்கியமற்றது” என்ற முத்திரையைக் கிழித்தெறி.

நான்கு: சுமைகூலிகள் விஷயத்தில் நீதிமன்றம் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் நிறைவேற்று.

ஐந்து: சோற்றிலும் பூட்ஸிலும் குறை சொல்பவனைத் தண்டிக்காதே. புகாரை விசாரிக்க, அவனுடைய மேலதிகாரிக்குக் கட்டுப்படாத ஓர் ஏற்பாட்டைச் செய்.

இவற்றில் எது தேசத்துரோகம்? எது பட்டாளத்தைப் பலவீனப்படுத்தும்? தேசபக்தியை மேடையில் முழங்குகிறவர்கள் பதில் சொல்லட்டும்!

நாம் விடைபெற எழுந்தபோது அந்தப் பெரியவர் இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார். ஓர் ஆண்டுச் சந்தாவும் கொடுத்தார். பிறகு, தெருவோரம் கட்டியிருந்த ஒரு மாட்டைக் காட்டிச் சொன்னார்:

“வாலுன்னே சொல்லட்டும் தம்பி, கோவமில்லே. ஆனா மாட்டுக்கு வாலை அறுத்துப் பாரு. புலி வந்து அடிக்கத் தேவையில்லே. ஈ மொய்ச்சே செத்துப்பூடும்.”

அந்த ஈக்கள் யார் என்று நமது வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.